இது பிச்சையா என்று கேட்ட தந்தைக்கு

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

என் மகள் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். நன்றாகப் படிப்பாள். எங்கள் வருமானத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத ஒரு பள்ளி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் முழுவதையும் உதவித்தொகையாகத் தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. அவளுடைய வகுப்பாசிரியையும் என் மனைவியும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். மகள் தேர்வு எழுதி, 'நான் ஏன் படிக்க விரும்புகிறேன்' என்று ஒரு கட்டுரையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள்.

நான் இதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை. கடன் வாங்கினாலும் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இது பிச்சை இல்லையா? வசதியான வீட்டுப் பிள்ளைகள் நடுவே 'இலவசமாகப் படிக்கிறவள்' என்று பெயர் வாங்கி அவள் கூனிக் குறுக வேண்டுமா? ஆண்டுச் சராசரி குறைந்தால் உதவி நிறுத்தப்படும் என்றும் கடிதத்தில் இருக்கிறது. நடுவில் நிறுத்திவிட்டால் எங்கே போவாள்? வாழ்க்கையே மாறிவிடும் என்கிறாள் மனைவி. அப்படி மாறியவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. கையெழுத்திட்டு அனுப்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

— ஒரு தந்தை

ஆலோசகர் பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறது. அது பள்ளியின் மீதா, மனைவியின் மீதா, உங்கள் மீதேயா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். உதவித்தொகைக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களிலும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் கைக்கு வந்த பிறகு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலச் சொன்ன தேதியில் கடனை அடைக்கிறவர்கள்தாம். ஆகவே உங்கள் தயக்கத்தை வீண் ரோஷம் என்று ஒதுக்கித் தள்ள மாட்டேன்.

முதலில் அந்தப் 'பிச்சை'. பிச்சை எடுத்தாவது படி என்று தமிழில் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். அதைச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. படிப்பின் பெருமையைச் சொல்ல வந்த அந்த வாசகம், உதவி பெற்றுப் படிப்பதையும் பிச்சையையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டது. உங்களை உறுத்துவது அந்த முடிச்சுதான் என்று நினைக்கிறேன்.

தேர்வுக் குழுவின் அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மேசை மேல் கட்டுக் கட்டாக விண்ணப்பங்கள் இருக்கும். கொடுப்பதற்கு இருக்கும் இடங்களோ விரல்விட்டு எண்ணக் கூடியவை. தேர்வுத்தாளைப் பார்ப்போம், கட்டுரையைப் படிப்போம், வருமானச் சான்றைச் சரிபார்ப்போம், பிறகு பிள்ளையை அழைத்துப் பேசுவோம். 'பாவம், இந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாமே' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். ஏனென்றால் அந்த அடுக்கில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் நிலையும் அதுதான். உங்கள் மகளுக்குக் கிடைத்ததில் ஒரு பாதி அவள் வென்றது. மறு பாதி உங்கள் வருமானத்தைப் பார்த்துக் கொடுத்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. வென்ற பாதி இல்லாமல் மற்றப் பாதி மட்டும் யாருக்கும் கிடைத்திருக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசியுங்கள். யாரோ ஒருவர் எப்போதோ ஒரு தொகையை நிதியாக வைத்துவிட்டுப் போயிருப்பார், அதன் வட்டியிலிருந்து தருவார்கள். அல்லது மற்றப் பெற்றோர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கியிருப்பார்கள். எப்படியானாலும் அது இந்த வேலைக்கென்றே எடுத்து வைத்த பணம். நீங்கள் மறுத்தால் கொடுத்தவரின் பைக்குத் திரும்பாது, பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். பள்ளியும் சும்மா கொடுப்பதில்லை. ஊக்கத்தோடு படிக்கும் நான்கு பிள்ளைகள் வந்தால் வகுப்பின் முகமே மாறும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். மேற்குக் கென்யாவில் 2001இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஆறாம் வகுப்பு மாணவிகளில் தேர்வில் முதல் 15 விழுக்காட்டுக்குள் வருபவர்களுக்கு உதவித்தொகை என்று அறிவித்தார்கள். வெல்லும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்த மாணவிகளும் அந்த ஆண்டு கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். திட்டம் நடந்த இடங்களில் ஒன்றான புசியா மாவட்டத்தில், போட்டியிலேயே சேர்க்கப்படாத பையன்களும் முன்னேறினார்கள், ஆசிரியர்கள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்கள். வாங்குகிறவர் மட்டும் பயன் பெறுவதற்குப் பெயர்தானே பிச்சை?

அடுத்து, வாழ்க்கை மாறியவர்களைப் பார்த்ததில்லை என்கிறீர்கள். பார்த்திருப்பீர்கள். அவர்கள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எதற்காக இந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப நினைக்கிறீர்களோ, அதே காரணத்துக்காகத்தான் அவர்களும் வெளியே சொல்வதில்லை.

சொன்னவர் ஒருவரைக் காட்டுகிறேன். அல்ஜீரியாவில் 1913இல் பிறந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு. மறு ஆண்டே தந்தை போரில் இறந்துபோனார். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. வீடுகளில் துப்புரவு வேலை செய்து பிழைத்தார். வீட்டில் பாட்டி வைத்ததுதான் சட்டம். பையன் தொடக்கப் பள்ளியை முடித்ததும் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்பது பாட்டியின் கணக்கு. அவருடைய ஆசிரியர் லூயி ஜெர்மேன் வீட்டுக்கே போய்ப் பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார், உதவித்தொகைத் தேர்வுக்குத் தனியாகப் பாடம் நடத்தினார். 1924இல் காம்யு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். 1957இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, தாயாருக்கு அடுத்து அந்த ஆசிரியரைத்தான் நினைத்தேன் என்று ஜெர்மேனுக்கே கடிதம் எழுதினார். உங்கள் மகளின் வகுப்பாசிரியை மீது உங்களுக்கு வருத்தம் இருக்கும் என்று தெரியும். உங்களைக் கேட்காமல் செய்தது தவறுதான். ஜெர்மேன் வீட்டுக்கு வந்து கேட்டார், இவர் கேட்கவில்லை. அந்த ஒரு குறையைத் தவிர இருவரும் செய்தது ஒரே வேலை.

ஆனால் காம்யுவைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் உங்களை ஏமாற்றியவள் ஆவேன். நோபல் வாங்கியவர்களை மட்டும் எண்ணிக் காட்டினால் எந்தத் திட்டமும் பொன் விளையும் பூமியாகத்தான் தெரியும். சாதாரணப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. இதற்கு நல்ல விடை கானா நாட்டிலிருந்து கிடைத்திருக்கிறது. அங்கே மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணம் இல்லாததால் சேர முடியாமல் நின்றிருந்த 2,064 பேரை ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். குலுக்கல் முறையில் 682 பேருக்கு முழு உதவித்தொகை கொடுத்தார்கள். இரு தரப்பினருக்கும் தகுதி ஒன்று, வறுமை ஒன்று. சீட்டு மட்டுமே வேறு. பல ஆண்டுகள் விடாமல் அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். உதவி பெற்றவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், பெறாதவர்களைவிட நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் கூடுதலாக இருந்தார்கள். பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தியிருந்தார்கள். பெண்கள் தாமதமாகக் குழந்தை பெற்றார்கள். அந்தக் குழந்தைகள் பிழைத்து வளர்வதும் கற்றுக்கொள்வதும் மற்றவர்களின் குழந்தைகளைவிட நன்றாக இருந்தன. உங்கள் மனைவி 'வாழ்க்கையே மாறிவிடும்' என்று சொன்னது எதைப் பற்றி என்று தெரியவில்லை. பேரன் பேத்தி வரை எட்டும் என்று சொல்லியிருந்தாலும் மிகையாகியிருக்காது.

எல்லோரும் பணக்காரர்கள் ஆகிவிட்டார்களா என்றால், இல்லை. கூடுதலாகப் படித்த எல்லோருக்கும் கூடுதலான சம்பளம் காத்திருக்கவில்லை. இதையும் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது? நான் பார்த்தவரை மாற்றம் மிகச் சின்ன இடங்களில்தான் தொடங்கும். கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல் வகுப்புக்கு வரும் நாளன்று ஒரு பிள்ளைக்கு அன்றைய பாடம் எதுவும் ஏறாது. பெயர் வந்துவிடுமோ என்று காது கதவின் பக்கமே இருக்கும். அந்த நாள் அவளுடைய நாள்காட்டியிலிருந்து நீங்குகிறது. மாலையில் ஆய்வகத்தில் இன்னும் கால் மணி நேரம் இருந்து பார்க்கலாமா என்று ஆசிரியரைக் கேட்கும் துணிவு வருகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் தோழி, 'நான் கட்டடக் கலை படிக்கப் போகிறேன்' என்று ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போவதைப் போலச் சொல்கிறாள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே அன்றுதான் இவளுக்குத் தெரியும். 'மேலே படிக்கலாமா' என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த பெண், ஒரு நாள் 'மேலே என்ன படிக்கலாம்' என்று கேட்பாள். எழுத்தில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

பணக் கவலை தலைக்குள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்பு கையில் பணமில்லாத நாள்களில் ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு முறையும் சில அறிவுச் சோதனைகள் செய்யச் சொன்னார்கள். அதே மனிதர், அதே மூளை. பணம் வருவதற்கு முன்பு பிழைகள் கூடுதல், வேகம் குறைவு. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு, மாணவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது உண்மை. ஆனாலும் கட்டணப் பட்டியல் நாளன்று வகுப்பறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்விக்கு வருகிறேன். 'நடுவில் நிறுத்திவிட்டால் எங்கே போவாள்?' இதைக் கேட்காமல் இனிப்பு வழங்கிக் கொண்டாடும் பெற்றோர்தான் அதிகம். உதவித்தொகையின் அளவைவிட அதன் உறுதிதான் பிள்ளையை மாற்றுகிறது என்பது இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது. இது கல்லூரி மட்டத்தில் நடந்த செய்தி என்றாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல், நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. விண்ணப்பித்து இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுகளுக்கும் கல்விக் கட்டணம் இல்லை, இப்போதே உறுதி தருகிறோம் என்பதுதான் கடிதத்தின் சாரம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பெரும்பாலோருக்கு வழக்கமான முறையிலேயே அந்த உதவி கிடைத்திருக்கும். புதிதாக வந்தது உறுதி மட்டும்தான். கடிதம் பெற்றவர்களில் 68 விழுக்காட்டினர் விண்ணப்பித்தார்கள், பெறாதவர்களில் 26. சேர்ந்தவர்களின் விகிதம் 12இலிருந்து 27 ஆனது.

உறுதி இல்லாத உதவி என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ராமானுஜன் 1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது. கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை பறிபோயிற்று. மறு ஆண்டு வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பல ஆண்டுகள் அலைந்து, சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவருக்கு, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். ஆள் அவரேதான். முதல் நிபந்தனை அவரை உடைத்தது, இரண்டாவது அவரைத் தாங்கியது. எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் அல்ல என்று என்னிடம் ஒரு நிர்வாகி சொன்னார். அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று பதில் சொன்னேன். ராமானுஜனையே வீட்டை விட்டு ஓட வைத்த நிபந்தனையைச் சாதாரணப் பிள்ளை எப்படித் தாங்குவாள்?

ஆகவே கையெழுத்துக்கு முன் பள்ளி அலுவலகத்துக்குப் போங்கள். கெஞ்சப் போகவில்லை, ஒப்பந்தம் பேசப் போகிறீர்கள் என்ற நினைப்போடு போங்கள். உங்களைப் போல நாணயமாகக் கணக்குப் பார்க்கிறவருக்கு இது கைவந்த வேலை. சராசரி என்றால் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்தா, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகவா என்று கேளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஒரு முறை குறைந்தால் உடனே நிறுத்திவிடுவார்களா, எச்சரித்து ஒரு பருவம் அவகாசம் தருவார்களா? நல்ல பள்ளிகள் அவகாசம் தரும். ஒன்பதாம் வகுப்பில் முதல் பருவத்தில் மதிப்பெண் சரியும் என்று இப்போதே எதிர்பாருங்கள். புதிய பள்ளிக்கு வரும் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலருக்கும் அது நடக்கும், பெரும்பாலும் இரண்டாவது ஆண்டுக்குள் சரியாகிவிடும். நோய் வந்து நீண்ட விடுப்பு எடுத்தால் என்ன? உங்கள் வருமானம் கொஞ்சம் உயர்ந்தால் முழுவதையும் நிறுத்துவார்களா, படிப்படியாகக் குறைப்பார்களா? பள்ளிக் கட்டணம் உயர்ந்தால் உதவியும் கூடவே உயருமா? ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் படிவம் உண்டென்றால் அது எந்த மாதம்? நல்ல மதிப்பெண் வைத்திருந்தும், படிவத்தைத் தேதி தவறிக் கொடுத்ததால் உதவியை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட எரிச்சலூட்டும் இழப்பு வேறில்லை. இவற்றுக்கெல்லாம் வாய்ச்சொல்லாக அல்லாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதல்ல. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உதவித்தொகையில் படித்த பையன் ஒருவன், படிப்பில் சூட்டிகை, அடிக்கடி காய்ச்சல் என்று விடுப்பு எடுப்பான். உடல் பலவீனமான பிள்ளை என்றே நினைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டின் நடுவில் வேறு காரணத்துக்காக வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் வாரம், விளையாட்டுச் சீருடை வாங்கும் வாரம், ஆண்டுவிழா உடைக்குப் பணம் கேட்ட வாரம். காய்ச்சல் அட்டவணை போட்டுக்கொண்டு வந்திருந்தது. கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். மற்ற செலவுகளை அவன் வீட்டில் சொல்லவுமில்லை, எங்களிடம் கேட்கவுமில்லை. ஒன்றரை ஆண்டு எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்துகொள்வதுதான் என் வேலை என்றிருந்தும்.

எனவே கட்டணத்துக்கு வெளியே ஓர் ஆண்டுக்கு என்னென்ன செலவு வரும் என்று பட்டியல் கேளுங்கள். சீருடை, புத்தகம், போக்குவரத்து, தேர்வுக் கட்டணம், சுற்றுலா, கணினி, மதிய உணவு. 'விருப்பமானவர்கள் மட்டும்' என்று சுற்றறிக்கையில் வருபவற்றையும் சேர்த்துக் கேளுங்கள், விருப்பம் என்ற சொல் பெற்றோருக்குத்தான். இவற்றில் எதை நிதி ஏற்கும், எதை நீங்கள் ஏற்பீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் தன்மானத்துக்கும் இதில் நல்ல இடம் இருக்கிறது. உங்களால் முடிந்த ஒன்றை, அது புத்தகமாகவோ பயணமாகவோ இருக்கட்டும், 'இது என் பொறுப்பு' என்று அலுவலகத்தில் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று எந்தப் பள்ளியும் சொல்லாது.

'இலவசமாகப் படிக்கிறவள்' என்ற பெயர் வருமா? வரக்கூடும், அது பள்ளியைப் பொறுத்தது. யார் உதவி பெறுகிறார்கள் என்பது தலைமையாசிரியருக்கும் கணக்கருக்கும் ஆலோசகருக்கும் மட்டும் தெரிந்திருக்கும் பள்ளிகள் உண்டு. ஆண்டுவிழா மேடையில் வரிசையாக நிறுத்தி, நன்கொடையாளருக்கு நன்றி சொல்ல வைக்கும் பள்ளிகளும் உண்டு. அப்படி ஒரு மேடையில் பேசுவதற்காக ஒரு மாணவியின் நன்றியுரையை நானே திருத்திக் கொடுத்திருக்கிறேன். 'உருக்கமாக இருக்கட்டும்' என்று ஒரு வரி சேர்த்தேன்கூட. பல ஆண்டுகள் கழித்து அவளைச் சந்தித்தபோது, அந்தப் பள்ளியில் கிடைத்த எல்லாவற்றையும் நன்றியோடு பேசினாள். அந்த மாலையைப் பற்றி மட்டும் எதுவும் பேசவில்லை. நான் பேச்செடுத்தேன், அவள் பேச்சை மாற்றினாள். மேடை ஏற்றுவீர்களா, படம் எடுத்துப் போடுவீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால், என் மகளுக்கு விருப்பமில்லாமல் செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். கொடுத்தவருக்கு நன்றி தெரிவிக்கத் தனிப்பட்ட கடிதம் ஒன்று போதும்.

வசதியான பிள்ளைகளின் நடுவே அவள் சில நாள்கள் தனியாக உணர்வாள் என்பது உண்மை. விடுமுறையில் எங்கே போனீர்கள் என்ற கேள்விக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பாள். இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டைப் பற்றி வெட்கப்படாத தகப்பன். பெற்றோர் கூட்டத்துக்கு வேலை உடையிலேயே வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து, சந்தேகத்தைச் சத்தமாகக் கேட்டுவிட்டுப் போகும் தந்தையரின் பிள்ளைகள் வெகு சீக்கிரம் அந்தப் பள்ளியில் காலூன்றிவிடுகிறார்கள். ஏன் என்று என்னால் நிரூபிக்க முடியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

பள்ளியைப் பற்றி இவ்வளவு சொன்னேன். எனக்கு உண்மையான பயம் வீட்டைப் பற்றித்தான். உதவித்தொகை கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டில். 'உனக்காக எத்தனை பேர் கொடுக்கிறார்கள் தெரியுமா', 'இந்த இடம் கிடைக்காமல் எத்தனை பேர் அழுகிறார்கள்', 'நான் யாரிடமும் கை நீட்டாதவன், உனக்காக நீட்டினேன்'. கடைசி வாக்கியத்தை உங்கள் வாயில் நான் முன்கூட்டியே கேட்கிறேன், மன்னியுங்கள். அதை ஒரு முறை சொன்னால் போதும், அந்தப் பெண்ணின் ஒவ்வொரு மதிப்பெண்ணும் வட்டி கட்டும் தவணையாகிவிடும். பிடிக்காத பாடத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டாள். தோழியோடு சண்டை, ஆசிரியர் மீது வருத்தம், எதையும் வீட்டில் சொல்ல மாட்டாள். இலவசமாகப் படிக்கிறவளுக்குக் குறை சொல்ல என்ன உரிமை என்று அவளே நினைத்துக்கொள்வாள். மற்றப் பிள்ளைகளைப் போல ஒரு தேர்வில் குறைவாக வாங்கவும், ஒரு மாலை வெறுமனே உட்கார்ந்திருக்கவும், ஒன்பதாம் வகுப்பில் மருத்துவம் என்று சொல்லிவிட்டுப் பதினொன்றாம் வகுப்பில் வரலாறு என்று மனம் மாறவும் அவளுக்கு இடம் இருந்தால்தான் அந்தப் பணம் அவளுக்குப் பயன்படுகிறது என்று பொருள். உங்கள் மனைவியின் 'வாழ்க்கையே மாறிவிடும்' என்ற பேச்சையும் இதே காரணத்துக்காகக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கள். பதிமூன்று வயதுப் பெண்ணின் தோளில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதையும் ஏற்றி வைக்கும் வாக்கியம் அது.

என் கருத்து: கையெழுத்திடுங்கள். நான் சொன்ன கேள்விகளில் இரண்டு விஷயங்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், மதிப்பெண் சரிந்தால் அவகாசம் உண்டு என்பதும், மேடை ஏற்ற மாட்டோம் என்பதும். இவை இரண்டுக்கும் பள்ளி எழுத்தில் ஒப்புக்கொள்ள மறுத்தால், அந்த இடத்தை விட்டுவிட்டு இப்போதைய பள்ளியிலேயே அவள் படிப்பது மேல் என்று தயங்காமல் சொல்வேன். நல்ல பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு பதினொன்றாம் வகுப்பிலும் திறக்கும். மற்றவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தை மீண்டும் ஒரு முறை படித்தபோது ஒன்று கவனித்தேன். நீங்கள் பேசுகிறீர்கள், மனைவி பேசுகிறார், பள்ளி பேசுகிறது. உங்கள் மகள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் அவள் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள், ஏன் படிக்க விரும்புகிறேன் என்று. முன்பின் அறியாத தேர்வுக் குழுவில் நான்கைந்து பேர் அதைப் படித்துவிட்டார்கள். நீங்கள் படித்ததாகத் தெரியவில்லை. வகுப்பாசிரியையிடம் நகல் இருக்கும், இல்லையென்றால் பள்ளி அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். மூன்று வாரம் இருக்கிறது. அதை வாங்கிப் படித்துவிட்டு, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேனாவை எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்